பட்டை உரிக்கப்பட்ட மரம் இன்னும் பச்சையாக நிற்பது எப்படி? சைலம், புளோயம் பற்றி ஓர் ஐயம்

கேள்வி: மந்தைவெளிவாசி

வணக்கம். எங்கள் தெருவில் நிற்கும் மூன்று மரங்களைப் பார்த்து எனக்கும், பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் படிக்கும் என் மகளுக்கும் எழுந்த ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதலாவது, தெருமுனையில் உள்ள பழைய வேம்பு. அதன் அடிமரம் உள்ளே முழுவதும் உளுத்துப்போய், ஒரு சிறுவன் புகுந்து நிற்கும் அளவுக்குப் பொந்தாகிவிட்டது. ஆனாலும் அது ஆண்டுதோறும் தவறாமல் தளிர்த்துப் பூக்கிறது. இரண்டாவது, எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள புங்கை. பொங்கலுக்குச் சற்று முன்பு, அதன் பின்னால் உள்ள மனையில் கட்டட வேலை தொடங்கிய சமயத்தில், யாரோ இரவோடு இரவாக இடுப்பளவு உயரத்தில் நான்கு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து எடுத்துவிட்டார்கள். மரத்தைச் சத்தமில்லாமல் சாகடிக்கும் வழி இது என்று தெருப் பெரியவர்கள் வருந்தினார்கள். இப்போது ஆடி பிறந்துவிட்டது, மரம் சாகவில்லை. பங்குனியில் பழைய இலைகளை உதிர்த்துப் புதிதாகத் தளிர்த்தது. சித்திரை, வைகாசியில் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பூத்து, நடைபாதையெங்கும் பூவைக் கொட்டியது. "பட்டைதானே போயிற்று, உள்ளே கட்டை அப்படியே இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்று இப்போது பலரும் சமாதானம் சொல்கிறார்கள். மூன்றாவது, பக்கத்து வீட்டுத் தென்னை. ஏறுவதற்கு வசதியாக அதன் தண்டில் இருபுறமும் படிப்படியாக வெட்டியிருக்கிறார்கள். அதுவும் குறைவின்றிக் காய்க்கிறது.

சைலம் நீரை மேலே கொண்டு செல்கிறது, புளோயம் உணவைக் கடத்துகிறது என்று பாடநூல் சொல்கிறது. அப்படியானால் நடுக்கட்டையே இல்லாத வேம்பில் நீர் எந்த வழியாக ஏறுகிறது? புளோயம் அறுந்துபோன புங்கை எப்படி இத்தனை மாதம் உயிரோடு இருக்கிறது? அதைக் காப்பாற்ற இனியும் வழி உண்டா? கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் மிகவும் ஆறுதலாக இருக்கும், ஏனெனில் எங்கள் தெருவில் கோடையில் நிழல் என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு மரம்தான்.


பதில்: தாவரவியல் ஆசிரியை, பெரம்பூர்

வணக்கம், ஐயா. உங்கள் தெருவில் நிற்கும் வேம்பும் புங்கையும் ஒரே செய்தியின் இரு பக்கங்களைக் காட்டுகின்றன. பள்ளியில் பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவள் என்ற முறையில், படத்தை வரைந்து பாகம் குறித்த பிறகும் மாணவர்களுக்கு எந்த இடத்தில் ஐயம் தங்கிவிடுகிறது என்பதை அறிவேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அடிமரத்தை வெளியிலிருந்து உள்ளே செல்லும் வரிசையில் எண்ணிப் பாருங்கள். முதலில் கையில் சொரசொரப்பாகப் படும் உயிரற்ற புறப்பட்டை. அதற்கு உள்ளே, நகத்தால் கீறினால் ஈரமாகத் தெரியும் உட்பட்டை; புளோயம் இருப்பது இங்கேதான். அடுத்தது கேம்பியம் என்னும் வளர்திசு. இது சில செல் அடுக்குகளே கொண்ட மெல்லிய உறை. ஆனால் வெளிப்புறமாகப் புதிய புளோயத்தையும் உட்புறமாகப் புதிய சைலத்தையும் உருவாக்கி, மரத்தைப் பருக்கச் செய்வது இதுவே. அதற்கு உள்ளே இருப்பதெல்லாம், அதாவது நாம் கட்டை என்று சொல்வதெல்லாம், சைலம். அந்தச் சைலத்திலும் வெளிப்பகுதியான சாற்றுக்கட்டை மட்டுமே நீரைக் கடத்தும். நடுவில் உள்ள வைரக்கட்டையில் பழைய குழாய்கள் டைலோஸ் என்னும் புடைப்புகளாலும், பிசின், டானின் போன்ற பொருள்களாலும் அடைபட்டுப் போயிருக்கும். தச்சர் விரும்புவது அந்த வைரம் பாய்ந்த கட்டையைத்தான். மரத்துக்கோ நீர் ஏற்றும் வேலையில் அதனால் பயனில்லை, தாங்கி நிற்பதற்கே அது உதவுகிறது. எனவே உங்கள் வேம்பு இழந்திருப்பது ஏற்கெனவே ஓய்வுபெற்றுவிட்ட பகுதியை. நீர் ஏறும் சாற்றுக்கட்டையும், கேம்பியமும், புளோயமும் பொந்தைச் சுற்றி ஓர் உறையாக முழுமையாக இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரைக் கடத்தும் சைலக் குழாய்களும் டிரக்கீடுகள் என்னும் நீண்ட செல்களும் முதிர்ந்து வேலைக்கு வரும்போது உயிரற்றவை. சுவர்களில் லிக்னின் என்னும் கடினப் பொருள் படிந்து, உள்ளே உள்ள உயிர்ப்பொருள் முழுவதும் மறைந்து, வெறும் குழாயாக ஆன பிறகே அவை நீரைக் கடத்துகின்றன. புளோயத்தின் சல்லடைக் குழாய்கள் அப்படியல்ல. அவை உட்கருவை இழந்தாலும் உயிருள்ளவை. அருகில் உள்ள துணைச் செல்கள் அவற்றின் வாழ்க்கைத் தேவைகளைக் கவனித்துக்கொள்கின்றன. இந்த உயிருள்ள, மென்மையான, எளிதில் காயம்படும் திசுவைத்தான் மரம் பட்டைக்கு அடியிலேயே, வெளிப்பக்கமாக வைத்திருக்கிறது. அதனால்தான் மரத்தின் நடுவைக் குடைந்தால் அது பிழைக்கிறது; மேலோட்டமாகச் சுற்றிலும் உரித்தால் சாகிறது.

இனிப் புங்கை. பட்டையை உரித்தவர் கட்டையை வெட்டவில்லை. ஆகவே வேர் உறிஞ்சும் நீர் சாற்றுக்கட்டை வழியாக முன்பு போலவே இலைகளைச் சேர்கிறது. இலைகள் வாடவில்லை, ஒளிச்சேர்க்கை நடக்கிறது, சர்க்கரை உருவாகிறது. அந்தச் சர்க்கரை வேரை நோக்கி இறங்கி வந்து, உரித்த இடத்தில் வழியற்று நின்றுவிடுகிறது. மேலே சர்க்கரை தேங்குவதால் பூவும் காயும் மிகுவது உண்டு. திராட்சைத் தோட்டங்களிலும் மாந்தோப்புகளிலும் கிளைகளில் மெல்லிய வளையமாகப் பட்டையை எடுப்பது இதே காரணத்துக்காகத்தான். அங்கே வளையம் குறுகியதாக இருப்பதால் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். உங்கள் புங்கை இவ்வாண்டு அவ்வளவு பூத்தது நலத்தின் அடையாளம் அன்று; உணவு கீழே போக முடியாததன் விளைவாகவே அதைக் கருத வேண்டியிருக்கிறது.

வேர்கள் இப்போது தம்மிடம் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்து வாழ்கின்றன. அது தீரும்போது புதிய வேர் நுனிகளும் வேர்த்தூவிகளும் தோன்றுவது நின்று, நீர் உறிஞ்சுவது குறைந்து, அதன் பிறகுதான் இலைகள் வாடத் தொடங்கும். மரத்தின் அளவையும் சேமிப்பையும் பொறுத்து இதற்குச் சில மாதங்களும் ஆகலாம், ஓரிரு ஆண்டுகளும் ஆகலாம். எனவே இலை பச்சையாக இருப்பதை மரம் பிழைத்துவிட்டதற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஆழமாக வெட்டியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பர்மாத் தேக்குக் காடுகளில் மரத்தைச் சாய்ப்பதற்கு முன், சாற்றுக்கட்டை முழுவதும் அறுபடுமாறு சுற்றிலும் வெட்டி, நின்ற நிலையிலேயே உலர விடுவார்கள். அங்கே நீரும் அறுபடுவதால் மரம் விரைவில் பட்டுப்போகும். சில ஆண்டுகள் கழித்து வெட்டும்போது கட்டை ஆற்றில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்திருக்கும்.

பட்டை வளையச் சோதனையை 1670-களிலேயே இத்தாலியைச் சேர்ந்த மார்செல்லோ மால்பிகி செய்து, வளையத்துக்கு மேல் விளிம்பு வீங்குவதைப் பதிவு செய்தார். புளோயத்தின் சல்லடைக் குழாய்களைத் தியோடர் ஹார்ட்டிக் கண்டறிந்தது 1837-இல். சைலம், புளோயம் என்ற பெயர்களை நேகெலி இட்டது 1858-இல். அதாவது பெயர் வருவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பட்டை வழியாக ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் மூன்றைப் பார்த்துச் சொன்னால் மேற்கொண்டு கூற முடியும். உரித்த வளையத்தின் மேல் விளிம்பு தடித்து உருண்டு இருக்கிறதா? வளையத்துக்குக் கீழே தண்டிலிருந்து தளிர்கள் கிளம்பியுள்ளனவா? வளையம் உண்மையிலேயே முழுச் சுற்றா, எங்காவது பட்டை மிச்சம் இருக்கிறதா?


பதில்: நாற்றங்கால்காரர், மாதவரம்

அம்மா கூறியதை நாங்கள் தொழிலில் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். கொய்யா, மாதுளை, எலுமிச்சை ஆகியவற்றில் விண்பதியம் போடும்போது, பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, உள்ளே வழுவழுப்பாக இருக்கும் கேம்பியத்தையும் கத்தியின் பின்புறத்தால் சுரண்டிவிட்டு, ஈரமான பாசியைச் சுற்றிப் பாலிதீன் தாளால் கட்டிவிடுவோம். கிளை வாடுவதில்லை, ஏனெனில் நீர் கட்டை வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. இலையிலிருந்து இறங்கும் உணவும் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினும் வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கி, அங்கேயே வேர் விடுகிறது. சுற்றிய தாளைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை வேர்கள் எல்லாம் மேல் விளிம்பிலிருந்தே கிளம்பியிருப்பதைக் காணலாம். கீழ் விளிம்பில் ஒன்றும் இருக்காது.

புங்கையைப் பொறுத்தவரை அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். வளையத்துக்குக் கீழே தளிர்கள் வந்திருந்தால், தயவுசெய்து அவற்றை ஒருவரும் கிள்ள வேண்டாம். வேருக்கு உணவு அனுப்பக்கூடிய இலைகள் இப்போது அவை மட்டுமே. அடியில் உள்ள துளிர்களைக் கழித்துவிட்டால் மரம் நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தில், தெருவைச் சுத்தம் செய்ய வருபவர்கள் அவற்றை வெட்டிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வளையம் முழுச் சுற்றாக இருந்தால் பால ஒட்டு முறை இருக்கிறது. அதே மரத்திலிருந்து விரல் பருமனில் நேரான குச்சிகளை எடுத்து, இரு முனைகளையும் ஆப்பு வடிவில் சீவி, வளையத்துக்குக் கீழேயும் மேலேயும் நல்ல பட்டையின் அடியில் செருகி, சிறு ஆணியால் நிறுத்தி, ஒட்டு மெழுகால் மூட வேண்டும். குச்சியின் அடி அடிப்பக்கமாகவும் நுனி மேல்பக்கமாகவும் இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் ஒட்டினாலும் தேறாது. சுற்றிலும் சாண் இடைவெளிக்குள் ஒரு குச்சி வீதம் வைப்பது நல்லது. புங்கை ஒட்டுக்கு இணங்கும் மரம்தான். ஆனால் உரித்து மாதங்கள் ஆகிவிட்டதால், முதலில் வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையைக் கத்தி முனையால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரமாக, வெளிர்பச்சையாக இருந்தால் முயற்சி செய்யலாம். பழுப்பேறி உலர்ந்திருந்தால் குச்சி பிடிக்காது.


பதில்: பனைநிழல், தாம்பரம்

தென்னையை ஒருவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். என் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், பனையோடு வளர்ந்தவன்.

தென்னை, பனை ஆகியவற்றில் கேம்பியம் இல்லை. பட்டை, கட்டை என்று பிரிக்கக்கூடிய அடுக்குகளும் இல்லை. தண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான வாஸ்குலார் கற்றைகள் (நீரையும் உணவையும் கடத்தும் திசுக் கட்டுகள்) சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கற்றையிலும் அதற்கான சைலமும் புளோயமும் சேர்ந்தே இருக்கின்றன. பனஞ்சட்டத்தை அறுத்தால் குறுக்கே கறுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை இந்தக் கற்றைகளும் அவற்றைச் சூழ்ந்த நார்களும்தான். விளிம்பில் அவை நெருக்கமாக இருப்பதால்தான் பனை வெளியே இரும்பாகவும் உள்ளே சோறாகவும் இருக்கிறது. அகத்தில் வைரமுள்ளவை அகக்காழ், புறத்தில் வைரமுள்ளவை புறக்காழ் என்று நம் முன்னோர் பிரித்து வைத்த பிரிவு, இன்றைய உள்ளமைப்பியலோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

எனவே தென்னையில் படி வெட்டும்போது அந்த இடத்தில் உள்ள சில கற்றைகள் அறுபடுகின்றன. மற்றவை வேலையைத் தொடர்கின்றன. ஆனால் அதனால் கேடில்லை என்று எண்ணிவிட வேண்டாம். கேம்பியம் இல்லாததால் அந்தக் காயம் மரம் இருக்கும்வரை ஆறாது, மூடாது. காயத்தில் நீர் தங்கி அழுகலாம். சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடி வருவதும் இத்தகைய காயங்களைத்தான். மேலும் வேம்பும் புங்கையும் ஆண்டுதோறும் புதிய புளோயத்தை உருவாக்கிப் பழையதைத் தள்ளிவிடுகின்றன. பனைக்கு அந்த வாய்ப்பில்லை. தண்டின் அடியில் பல பத்தாண்டுகளுக்கு முன் உருவான அதே சல்லடைக் குழாய்கள்தாம் இன்றும் உணவைக் கடத்துகின்றன. தாவர உலகில் இவ்வளவு நீண்ட காலம் உயிரோடு இருந்து உழைக்கும் உட்கருவற்ற செல்கள் வேறு எங்கும் உண்டா என்று வியக்கிறேன்.

தங்கள் மகள் புளோயச் சாறு எப்படி இருக்கும் என்று அறிய விரும்பினால், பதநீரைக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதநீர் என்பது பாளைக்குப் போய்ச் சேர வேண்டிய புளோயச் சாறே. (இளநீர் அப்படியல்ல; அது விதைக்குள் கருவுக்கு உணவாக இருக்கும் நீர்ம நிலை முளைசூழ்தசை.) பாளையை விரியவிடாமல் கட்டி, கடிப்பு என்னும் இடுக்கியால் பதமாக நசுக்கி, நுனியைப் பாளை அரிவாளால் தாள் போல மெலிதாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார்கள். காலையும் மாலையும் சீவியாக வேண்டும். ஒரு வேளை விட்டால்கூடச் சுரப்பு குறைந்துவிடும். அறுபட்ட சல்லடைக் குழாய்களின் துளைகளைப் புரதமும் காலோஸ் என்னும் பொருளும் விரைவில் அடைத்துவிடுவதே காரணம். தனக்கு ஏற்பட்ட கசிவை மரம் அடைக்கப் பார்க்கிறது. பனையேறி புதிய வாயைத் திறந்துவிடுகிறார். சாற்றில் 10 விழுக்காட்டுக்கும் மேல் சர்க்கரை இருப்பதால்தான், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசாவிட்டால் சில மணி நேரத்தில் அது புளித்துக் கள்ளாகிவிடுகிறது.


பதில்: அடையாற்றுக்கரை

உள்ளே குடைபட்ட மரம் வாழ்வது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். அடையாறு தியசாபிகல் சங்கத் தோட்டத்தில் உள்ள ஆலமரத்தின் நடு அடிமரமே 1989-இல் காற்றில் சாய்ந்துவிட்டது. ஆனாலும் மரம் இன்றும் பரந்து நிற்கிறது. ஆலின் விழுதுகள் தரையைத் தொட்ட பிறகு தமக்கென்று கேம்பியம் கொண்டு பருத்து, நீரை ஏற்றி உணவை இறக்கும் தனித் தண்டுகளாகிவிடுகின்றன. அதனால் நடுத்தண்டு போனபோதும் கிளைகளுக்கு வேரோடு தொடர்பு அறவில்லை. விழுதுகளைத் தரைக்கு வருமுன் வெட்டிவிடும் தெருக்களில் உள்ள ஆலமரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.


கேட்டவர்: மந்தைவெளிவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மகளும் நானும் போய்ப் பார்த்தோம். வளையத்தின் மேல் விளிம்பு, ஆசிரியை அம்மா கூறியபடியே, விரல் தடிமனுக்கு உருண்டு வீங்கியிருக்கிறது. கீழ் விளிம்பு தட்டையாக, உலர்ந்து கிடக்கிறது. கீழே தண்டிலிருந்து நான்கைந்து துளிர்கள் வந்திருக்கின்றன. நாங்கள் இதுவரை கவனிக்காத ஒன்றும் தெரிந்தது. சுற்றுச்சுவரை ஒட்டிய பக்கத்தில், கை நுழைய இடமில்லாததால் போலும், மூன்று விரல் அகலத்துக்குப் பட்டை உரிக்கப்படாமல் மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியாக இருக்கிறது. அதைக் கீறிப் பார்த்தேன். ஈரமாக, பச்சையாக இருந்தது. அந்தத் துண்டு மட்டும் போதுமா?

மகளின் கேள்வி வேறு. எங்கள் குடியிருப்பில் மேல்மாடித் தொட்டிக்கு நீர் ஏற்ற மோட்டார் வேண்டியிருக்கிறது. சைலக் குழாய்கள் உயிரற்றவை என்றால், மரத்தில் மோட்டாரின் வேலையைச் செய்வது எது? ஜகதீச சந்திர போஸ் சொன்ன துடிப்புக் கோட்பாடு பாடத்தில் இருக்கிறது. அது ஏன் ஏற்கப்படவில்லை என்று கேட்கிறாள்.


பதில்: தாவரவியல் ஆசிரியை, பெரம்பூர்

மிகவும் மகிழ்ச்சி, ஐயா. அந்த மூன்று விரல் பட்டை இருப்பதால்தான் புங்கை இவ்வளவு தெம்பாக நிற்கிறது என்று இப்போது துணிந்து சொல்லலாம். சுற்றளவில் சிறு பங்கு புளோயம் தொடர்ச்சியாக இருந்தாலும் அதன் வழியே உணவு இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாதையின் இரு ஓரங்களிலும் கேம்பியம் புதிய திசுவை உருவாக்கி, ஆண்டுக்கு ஆண்டு காயத்தின் மேல் பரவும். தொடக்கத்தில் அந்தப் பட்டைக்கு நேர் கீழே உள்ள வேர்களுக்கே உணவு எளிதில் கிடைக்கும். தெருப்பக்கத்து வேர்கள் மெலியக்கூடும் என்பதால், கீழே வந்துள்ள துளிர்களைக் காப்பது இன்னும் முக்கியமாகிறது.

மகளின் கேள்வி இந்தப் பாடத்தின் உயிர்நாடி. மேலிருந்து உறிஞ்சித் தூக்குவதாகக் கொண்டால், காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் சுமார் 10 மீட்டர்தான். கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களோ 100 மீட்டரைத் தாண்டி வளர்கின்றன. கீழிருந்து வேர் அழுத்தம் தள்ளுகிறது என்றால், அது உண்மையில் இருக்கிறது. மழைக்காலத்து விடியலில் புல் நுனியிலும் தக்காளி இலை ஓரத்திலும் முத்து முத்தாக நீர் கசிந்து நிற்பது அதனால்தான். ஆனால் அது வலுவற்றது. பகலில், நீரோட்டம் மிகுதியாக இருக்கும் வேளையில், பெரும்பாலும் காணப்படுவதே இல்லை. 1727-லேயே ஸ்டீபன் ஹேல்ஸ் திராட்சைக் கொடியில் வேர் அழுத்தத்தை அளந்தவர். அவரும் இலைகளின் நீராவிப்போக்கே முதன்மையான இழுவிசை என்று கண்டார்.

போஸ் 1923-இல், புறணியின் (தண்டில் மேல்தோலுக்கும் கடத்தும் திசுவுக்கும் இடைப்பட்ட பகுதியின்) உட்பகுதியில் உள்ள உயிருள்ள செல்கள் துடித்து நீரை மேலேற்றுகின்றன என்றார். தாவரங்களின் உணர்வையும் மின் துடிப்புகளையும் அளந்த அவருடைய கருவிகளின் நுட்பத்தை இன்றும் போற்றுகிறோம்; ஆனால் சாறேற்றத்துக்கு அந்த விளக்கம் நிற்கவில்லை. ஏனெனில் அதற்கு முன்பே, 1890-களில், தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் அடியில் அறுத்த மரங்களை நச்சுக் கரைசலில் நிறுத்திச் சோதித்திருந்தார். தண்டின் உயிருள்ள செல்களைக் கொன்றுகொண்டே நச்சுநீர் மேலே ஏறியது. இலைகளை எட்டி அவற்றையும் கொன்ற பிறகே ஏற்றம் நின்றது. தண்டில் உயிருள்ள செல் தேவையில்லை, மேலே இலை வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

1894-இல் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கமே இன்று ஏற்கப்படுகிறது. இலைக்குள் உள்ள செல்சுவர்களின் நுண்ணிய இடுக்குகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, அங்கே மிஞ்சும் நீர் வளைந்து பின்வாங்கி, தனக்குப் பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கூட்டிணைவு விசையும், குழாய்ச் சுவரைப் பற்றும் ஒட்டிணைவு விசையும் வலுவானவை என்பதால், இலை முதல் வேர் வரை நீர்த்தூண் அறுபடாமல் இழுபடுகிறது. குழாய் மிகக் குறுகலாக இருப்பதும், லிக்னின் படிந்த சுவர் உள்நோக்கி நசுங்காமல் தாங்குவதும் இதற்குத் துணை. உச்சி வெயிலில் மரத்தண்டின் விட்டம் மிகச் சிறிதளவு சுருங்கி இரவில் மீள்வதை நுண்ணளவிகளால் அளக்க முடிகிறது. உள்ளே நீர் தள்ளப்படவில்லை, இழுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. ஆற்றல் வெயிலிலிருந்து வருகிறது. வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இப்படி ஆவியாகவே போகிறது.

இழுவிசைக்கு உட்பட்ட நீர்த்தூணில் காற்றுக்குமிழி புகுந்தால் அந்தக் குழாய் பயனற்றுப் போகும். நம் ஊர்க் கத்திரி வெயிலில், மண்ணும் வறண்டிருக்கும்போது இது நேர்கிறது. ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள குழிகளின் சவ்வு குமிழியைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவதால், நீர் பக்கத்துக் குழாய் வழியாகச் சுற்றிப் போகிறது.

புளோயத்தின் இயக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே அழுத்தம் தள்ளுகிறது. எர்ன்ஸ்ட் முன்ச் 1930-இல் விளக்கியபடி, இலையில் உள்ள துணைச் செல்கள் ஆற்றலைச் செலவிட்டுச் சர்க்கரையைச் சல்லடைக் குழாயில் ஏற்ற, சவ்வூடு பரவலால் அருகில் உள்ள சைலத்திலிருந்து நீர் உள்ளே புகுந்து அழுத்தம் உயர்கிறது. வேரோ காயோ சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இந்த வேறுபாடே சாற்றை நகர்த்துகிறது. வேகம் மணிக்கு ஒரு மீட்டர் அளவில் இருக்கும். மாவுப்பூச்சி மொய்த்த செம்பருத்திக் கிளையை உருப்பெருக்கியில் பாருங்கள். ஊசி போன்ற வாயுறுப்பைச் சல்லடைக் குழாயில் செலுத்திவிட்டால் சாறு தானாகவே உள்ளே தள்ளப்படுகிறது. வேண்டியதற்கு மேற்பட்ட சர்க்கரையைப் பூச்சி தேன் துளியாக வெளியேற்ற, எறும்புகள் அதற்காக வரிசையாக ஏறுகின்றன. மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: புளோயம் எப்போதும் கீழ்நோக்கியே செல்லும் என்று எழுத வேண்டாம். பங்குனியில் புங்கை தளிர்த்தபோது, தண்டில் சேமித்திருந்த உணவு அதே புளோயம் வழியாக மேலே உள்ள தளிர்களுக்குப் போயிற்று. உற்பத்தியாகும் இடத்திலிருந்து தேவைப்படும் இடத்துக்கு என்பதே சரியான விடை.

வேம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது நீரின்றிச் சாகாது. ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதை நாம் அறிவோம். பொந்தைச் சுற்றியுள்ள உறுதியான கட்டையின் தடிமன், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் முறிவு ஆபத்து மிகுதி என்பது மர வல்லுநர்கள் கொள்ளும் பொதுக் கணக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் தகுந்தவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொந்தில் சிமென்ட் இட்டு அடைக்க விடாதீர்கள். ஈரம் உள்ளே தங்கி அழுகலை வளர்க்கும்.


பதில்: நாற்றங்கால்காரர், மாதவரம்

மூன்று விரல் பட்டை உயிரோடு இருப்பதால், முழு அளவிலான பால ஒட்டு தேவையில்லை என்று கருதுகிறேன். ஆனாலும் தெருப்பக்கமாக இரண்டு குச்சிகள் வைப்பது நல்லது. ஆடி, ஆவணியில் மாலை மழை நன்றாகப் பெய்து, பட்டை கட்டையிலிருந்து எளிதில் கழன்று வரும் பதத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். கீழேயுள்ள துளிர்களில் நீளமான ஒன்றைத் தேர்ந்து, வேறாக வெட்டாமல், அதன் நுனியை மட்டும் சீவி வளையத்துக்கு மேலே பட்டைக்கு அடியில் செருகிவிடுவதே இன்னும் எளிய வழி. அதற்கு அடியில் ஏற்கெனவே தண்டோடு தொடர்பு இருப்பதால் ஓர் இணைப்புப் பிடித்தால் போதும்.

மிஞ்சியுள்ள பட்டையின் மேல் விளம்பரத் தட்டியோ, கேபிள் கம்பியோ, அலங்கார விளக்குச் சரமோ கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் பருக்கும்போது இறுக்கும் கம்பி முதலில் நசுக்குவது புளோயத்தையே. ஏற்கெனவே பதிந்துபோன கம்பி இருந்தால் வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். பதிந்ததைப் பிடித்து இழுத்தால் மேலே உள்ள பட்டையும் சேர்ந்து கிழியும். உரிந்த இடத்தில் தார், பெயின்ட், சிமென்ட் எதையும் பூச வேண்டாம். சுவரை இடித்துக் கட்டும்போது அந்தப் பக்கம் மண்வெட்டி படாமல், பழைய சணல் சாக்கைத் தளர்வாகச் சுற்றி வைத்து, வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. தாங்கள் விரும்பினால் கத்தியும் மெழுகும் கொண்டு வருகிறேன்.